அதேதான் சொன்ன சென்சார்

ஒருவர் தன் வீட்டுக் கொட்டகையில் கட்டிய குட்டி விமானத்தின் சுழல் இன்ஜினில் இரண்டு சென்சார்கள் இருந்தன. சுற்றும் சக்கரத்தைப் பார்த்து, எப்போது பொறி விழவேண்டும் என்று ஸ்பார்க் பிளக்குக்குச் சொல்வதுதான் அவர்கள் வேலை. பெரியவள் பார்த்து, "இப்போ" என்பாள். சின்னவள் பார்க்காமலே, "அதேதான்" என்பாள்.

அன்று ஏரிக்கு மேலே இன்ஜின் திணறியது. விமானத்துக்குள் அதைக் கட்டியவரோடு அவருடைய குட்டி மகளும் இருந்தாள். இன்ஜினில் சின்னவள் பயந்துபோய் முதல்முறையாகச் சக்கரத்தைப் பார்த்தாள். சூட்டில் கிறங்கிப்போய், பெரியவள் பிந்திப் பிந்திச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இப்போ," என்று சின்னவள் முந்திக்கொண்டாள்.

பிளக் தயங்கினான். "என்னடி புதுசா? ஆளுக்கொண்ணு சொன்னா நான் யாரை நம்புறது?"

"அவளுக்கென்ன தெரியும்? என் பேச்சைக் கேளு," என்றாள் பெரியவள்.

விமானம் தண்ணீரை நோக்கி இறங்கியது.

"அக்காவுக்குக் காய்ச்சல்ணே. இந்த ஒரு சுத்து மட்டும் நான் சொல்றப்போ அடிங்க. இப்போ."

பிளக் அடித்தான். இன்ஜின் சீராக உறுமியது. விமானத்தின் மூக்கு மெல்ல நிமிர்ந்தது.

கொஞ்ச நேரம் கழித்துப் பெரியவள் தணிந்த குரலில் கேட்டாள். "இத்தனை நாளும் பார்த்துட்டுத்தான் சொன்னியா?"

"இப்போ," என்றாள் சின்னவள் பிளக்கிடம். சக்கரத்தை விட்டுக் கண்ணை எடுக்க அவளுக்குப் பயமாக இருந்தது.