எந்த பிரவுசரில்?

"இந்த பிரவுசர்ல பட்டன் கீழே நழுவுது மேடம்," என்று, இணையப் பக்கத்தை வடிவமைத்த டிசைனரிடம் மடிக்கணினியை நீட்டினான் புதிதாகச் சேர்ந்த டெஸ்டர்.

நேற்று வேறொரு பிரவுசரில் படம் எழுத்தின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. முந்தாநாள் இன்னொன்றில் மெனு இரண்டாக உடைந்தது. டிசைனர் சலித்துக்கொள்ளாமல் நாற்காலியை நகர்த்தி இடம் கொடுப்பாள். சரிசெய்ய ஒரு மணி நேரமாகும். அவனுக்கோ அது போதாது.

ஒரு மாதம் இப்படியே ஓடியது. வெள்ளிக்கிழமை பார்த்தால், எல்லா பிரவுசரிலும் பக்கம் அச்சுப்பிசகாமல் நின்றது. அவன் முகம் தொங்கிப்போனது. இனி எந்தச் சாக்கில் அவள் மேசைக்குப் போவது?

மேலாளரிடம் போய், "ஒரு தப்பும் இல்ல சார்," என்றான் சுரத்தில்லாமல்.

"அப்பாடா! ஒண்ணுதான்யா எனக்குப் புரியல. நாலு வருஷமா அந்தப் பொண்ணு செஞ்ச பக்கத்துல எவனும் ஒரு தப்பு கண்டுபிடிச்சதில்ல. நீ வந்தப்புறம்தான் தினம் ஒண்ணு!"

அவன் ஒரு கணம் திகைத்து நின்றான். அடுத்த கணம் அவள் மேசைமுன் மூச்சு வாங்க நின்றான்.

"இன்னிக்கு எந்த பிரவுசர்ல?" என்றாள்.

"எதுலயும் இல்ல. சும்மாதான் வந்தேன்."

"சும்மா வர்றதுக்கு உங்களுக்கு ஒரு மாசமா?" என்றபடி நாற்காலியை நகர்த்தினாள்.