ஒருத்தன் போதும்

தர்க்கவியல் பேராசிரியருக்கு முட்டாள்களைக் கண்டாலே ஆகாது. அவர் கணக்கில் முட்டாள்கள் என்றால் அவரைத் தவிர மற்ற எல்லோரும்தான். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்த பெண் இன்ஸ்பெக்டருக்கு அதில் முன்வரிசையிலேயே இடம் கொடுத்திருந்தார்.

நூலக மாடிப்படியில் யாரோ பிடித்துத் தள்ளியதில் துறைத்தலைவர் மண்டை உடைந்து, ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். அந்தப் பதவி தனக்குத்தான் என்று பேராசிரியர் காத்திருந்து ஏமாந்தது கல்லூரி முழுக்கத் தெரியும். அதை மோப்பம் பிடித்துத்தான் இந்த அம்மாள் வந்திருக்கிறார்.

"ஆகாதவன்னா தள்ளிவிட்டுத்தான் இருப்பானா? என்னம்மா தர்க்கம் இது?" என்று எரிந்து விழுந்தார். "நேத்தே சொன்னேனே. அந்த நேரம் எனக்கு வகுப்பு. வகுப்புக்கு வந்த ஒவ்வொரு பையனும், மணி அடிக்கிற வரைக்கும் நான் கரும்பலகையை விட்டு நகரலைன்னு சொல்லுவான். விசாரிச்சீங்களா, இல்லையா?"

"எல்லாப் பசங்களையும் விசாரிச்சேன் சார்."

"வகுப்புக்கு வந்தவன்ல ஒருத்தனாவது மாத்திச் சொன்னானா?"

"இல்ல சார்."

"அப்புறம் என்ன? 'எல்லாரும்'னு சொன்னதை உடைக்க, மாறான ஒருத்தன் போதும். அவனைப் பிடிச்சுட்டு வாங்க. முடியலைன்னா நான் சொன்னது உண்மை. உங்களுக்கெல்லாம் யாரு வேலை குடுத்தா?"

பொய் சொல்வது அவருக்கு அறவே பிடிக்காது. அது மூளையில்லாதவர்கள் செய்கிற வேலை.

இன்ஸ்பெக்டர் தலையைச் சொறிந்தார். "புரியுது சார். ஆனா, ஆமான்னு சொல்ல ஒருத்தனாவது வேணாமா?"

பேராசிரியர் தலையில் அடித்துக்கொண்டார். தப்பான கேள்வியைத் திருத்தாமல் விடுவது அவர் ரத்தத்திலேயே கிடையாது. "வேணாம்மா! 'எல்லாரும்'னு சொன்னா 'ஒருத்தனாவது இருக்கான்'னு அர்த்தம் ஆகாது. ஒருத்தனுமே இல்லாட்டியும் அது உண்மைதான். முதல் வருஷப் பாடம் இது!"

"நீங்க சொன்னா சரியாத்தான் சார் இருக்கும்." இன்ஸ்பெக்டர் எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டார். "அன்னைக்கு மொத்தப் பசங்களும் மட்டம் போட்டுட்டு மைதானத்துல மேட்ச் பார்த்திருக்காங்க. உங்க வகுப்புக்கு ஈ காக்காகூட வரல. ஆனா நூலகப் படியில உங்களைப் பார்த்தவர் ஒருத்தர் இருக்காரு. வாங்க சார், வண்டி கீழே நிக்குது."

எல்லா முட்டாள்களையும் போலத் தானும் ஒரு பொய்யைச் சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று, வாழ்க்கையில் முதல்முறையாகப் பேராசிரியருக்குத் தோன்றியது.