ஏழாம் நம்பர் மட்டை

ஏழு என்று பொறித்திருந்த கோல்ஃப் மட்டையின் மேல் மண்ணெண்ணெய்த் துணி ஓடியதும் கோதண்டத்தின் கை நின்றுவிட்டது.

பந்தில் படும் இரும்பு முகத்தின் நடுவில், எட்டணா அகலத்துக்கு ஒரு பள்ளம்.

பள்ளம் என்று சொல்வதுகூட அதிகம். கண்ணுக்கு மங்கலாக, விரலுக்குத்தான் சரியாகத் தெரிகிற தேய்மானம். அந்த வட்டத்துக்குள் குறுக்குக் கோடுகள் அழிந்துபோயிருந்தன. வட்டத்துக்கு வெளியே ஒரு கீறல் இல்லை.

சேரப்பணஞ்சேரி பங்களாவைப் புதிதாக வாங்கிய இராமச்சந்திரன், பரணில் கிடந்த சாக்கை அவிழ்த்தபோது இந்த எட்டு கோல்ஃப் மட்டைகள் கிடைத்தனவாம். எப்போதோ கப்பலேறிப் போய்விட்ட துரையுடையவை. புதுசு மாதிரி மின்ன வேண்டும் என்று ஸ்ரீபெரும்புதூர் முலாம் பட்டறையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

துருவை நீக்கி, பழைய முலாமைக் கரைத்து, எமரிச் சக்கரத்தில் பிடித்து வழவழப்பாக்குவது கோதண்டத்தின் வேலை. போன வாரம்தான் ஒரு கார் பம்பரின் முனையை அதிகமாகத் தேய்த்துவிட்டு முதலாளி நடேசனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். இன்னொரு தடவை கை தவறினால் வீட்டோடு இருந்துகொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்.

அதனால் மட்டைகளை நம்பர் வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, பார்த்தது சரிதானா என்று மறுபடியும் பார்த்துக்கொண்டிருந்தான்.

மற்ற ஏழு மட்டைகளிலும் அடி கண்ட இடத்தில் விழுந்திருந்தது. ஓரத்தில், கழுத்தில், கீழ் விளிம்பில். துரை சுமாரான ஆள்தான் போல.

இது மட்டும் அப்படி இல்லை.

சாயங்காலம் அவன் போகும் வரைபட வகுப்புக்கான பையிலிருந்து கவராயத்தை எடுத்தான். நடுவில் லேசாக ஊன்றி ஒரு சுற்று சுற்றினான். தேய்மானம் முழுக்க வட்டத்துக்குள் அடங்கியது. தன் கைமேல் நம்பிக்கை வராமல் மட்டையைத் தலைகீழாகப் பிடித்து இன்னொரு சுற்று. அப்போதும் அடங்கியது.

ஆணியால் தட்டினான். மணி மாதிரி நீண்டு ஒலித்தது. வார்த்த இரும்பு இல்லை, உலையில் காய்ச்சி அடித்தது. இதைத் தேய்க்க அவனுக்கு மோட்டார் வேண்டியிருக்கிறது. யாரோ ஒருவர் பந்தாலேயே தேய்த்திருக்கிறார். எத்தனை ஆயிரம் அடி! ஒன்றுகூட நூல் விலகாமல்!

கோதண்டத்தின் மனதில் அந்த ஆள் எழுந்து நின்றார்.

நெட்டையான ஆளாக இருக்க வேண்டும். அகன்ற மார்பு, வெள்ளைத் தொப்பி. ஊர் ஊராகப் போய்க் கோப்பை வாங்கியவர், துரையின் விருந்தாளியாக வந்திருப்பார். ஒன்றுதான் உதைத்தது. மற்ற மட்டைகளில் தோல் பிடி உச்சியில் கருத்திருந்தது. இதில் நாலு விரல் கீழே, குள்ளமான ஆள் பிடித்தது போல.

"இன்னா தம்பி, பொண்ணு பாக்க வந்த மாப்ள மாரி அத்தையே பாத்துகினு கீற?" தொட்டிப் பக்கமிருந்து செங்கமலம் கேட்டாள். முலாமில் இறங்கும் முன்பு சாமான்களைச் சுண்ணாம்பு போட்டுத் தேய்த்துக் கழுவுகிறவள்.

கோதண்டம் மோட்டாரைப் போட்டான்.

சக்கரத்தில் கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் போதும், பள்ளம் சமமாகிவிடும். பிடிக்காவிட்டால் வம்பு. குரோம் எதையும் மறைக்காது. உள்ளே இருப்பதை இன்னும் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். முதலாளி காரைவிட்டு இறங்கும்போதே கண்டுபிடித்துவிடுவார்.

விளிம்பு மின்னியது. கழுத்து மின்னியது. அதோடு மட்டையைச் சக்கரத்திலிருந்து எடுத்துவிட்டான். நடுவட்டம் தொடப்படாமலே செங்கமலத்திடம் போயிற்று.

சுண்ணாம்போடு ஓடிய அவள் கட்டைவிரல் வட்டத்துக்கு வந்ததும் நின்றது.

"அய்யய்ய, இத்த ஏன் தம்பி உட்டுட்ட? நல்லா தேச்சி எடுத்துடு."

"வேணாங்க்கா. பெரிய ஆட்டக்காரரு யாரோ அடிச்ச எடம் அது."

"ஆட்டக்காரனாவது, மாட்டுக்காரனாவது!" என்று சிரித்துக்கொண்டே மட்டையைத் தூக்கினாள். பார்க்காமலே அவளுடைய இரண்டு கைகளும் பிடியில் கருத்திருந்த இடத்தில் போய் உட்கார்ந்தன.

"பங்களா தொர ஏரிக் கர மேல நின்னுகினு, தண்ணி வத்தின ஏரிக்குள்ள பந்தா அடிச்சித் தள்ளுவாரு. பொறுக்கறது நானு, அப்ப அங்கதான் வேல பாத்தேன். கூடைய இடுப்புல வச்சிகினு எவ கர ஏறி எறங்கறது? அவரு டீ குடிக்கப் போவசொல்ல இத்த உருவிகினு போயி, கீழ இருந்தே ஒவ்வொண்ணா மேல கீற கூடைக்குள்ள அடிச்சி வுட்ருவேன். அடிச்சி அடிச்சி தேஞ்சி பூடுச்சி. எவன் கேக்கப் போறானோன்னு இன்னிக்கும் பயம். தேச்சிடு தம்பி, பங்களாக்காரரு பாத்துட்டா என் மானம் பூடும்."

கோதண்டம் பிடியில் அவள் கைகள் பதிந்திருந்த இடத்தைப் பார்த்தான்.

"கூடை எவ்ளோ தூரத்துல இருக்கும்?"

அவள் சுண்ணாம்புக் கையை வாசலுக்கு வெளியே நீட்டினாள். பெங்களூர் ரோட்டைத் தாண்டி, எதிர்ப்பக்கத்துப் பம்புசெட்டைத் தாண்டி, வரப்போரம் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். யாரென்று முகம் தெரியவில்லை.

"அந்த சைக்கிளாண்ட," என்றாள்.

ரோட்டில் முதலாளியின் அம்பாசிடர் திரும்பி ஹாரன் அடித்தது.

கோதண்டம் மட்டையை வாங்கி, வட்டத்தில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தானே கழுவினான். செம்புக் கம்பியில் கட்டி, பள்ளத்தோடு முலாம் தொட்டியில் இறக்கினான்.

"யாராச்சும் கேட்டா, என் கை தவறிடுச்சுன்னு சொல்லிக்கிறேங்க்கா."