இரண்டு விசில்

கட்டம் போட்ட சட்டைக்காரர் பஸ் கதவை ஓங்கிக் குத்தினார்.

வண்டி சிக்னலில் நின்றிருந்தது. அவருக்கு அங்கேயே இறங்க வேண்டுமாம். முதலில் கேட்டார், பிறகு கத்தினார், இப்போது குத்துகிறார். கதவைத் திறக்கும் பட்டன் டிரைவரிடம் இருந்தது.

நான் அந்த வண்டியின் கண்டக்டர். டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டு டிரைவரின் கழுத்தைப் பார்த்தேன். நரம்பு புடைத்துக்கொண்டு வந்தது.

டிப்போவில் அவனுக்குப் பட்டாசு என்று பேர். ஓட்டுவதில் ஒரு குறை சொல்ல முடியாது. வாய்தான். போன மாதம் இதே சிக்னலில் இறங்கியே தீருவேன் என்று நின்ற ஒருவரை, அப்படியானால் சன்னல் வழியாகக் குதித்துக்கொள்ளச் சொன்னான். புகார் டிப்போ வரைக்கும் போனது.

அவனுக்கு இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. புது டிரைவரை நிரந்தரமாக்கும் முன், யாரென்று சொல்லாமல் ஓர் ஆளை வண்டியில் ஏற்றிவிடுவது எங்கள் டிப்போ வழக்கம். பயணிகளிடம் டிரைவர் எப்படி நடந்துகொள்கிறான் என்று அந்த ஆள் கவனிப்பார். அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். பட்டாசுவின் மனைவிக்கு இது நிறைமாதம்.

இந்தக் கதையை அவன் தினமும் வரும் பயணிகள் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தான். வாரம் முழுக்கக் கண்ணாடி போட்டவர்களுக்கெல்லாம் ஒரு வணக்கம். நேற்று வணக்கம் வாங்கிய ஒருவர் அவனை இன்சூரன்ஸ் எடுக்கச் சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வண்டி என்ன உங்க அப்பன் வீட்டுதா?" என்றார் சட்டைக்காரர்.

முன் சீட்டில் இருந்த காய்கறிக்கார அக்கா என்னை முழங்கையால் இடித்து, இவர்தான், சந்தேகமே வேண்டாம் என்று கிசுகிசுத்தார். நர்ஸ் பெண் போனைப் பைக்குள் போட்டாள். கடைசி சீட்டில் எப்போதும் தூங்கி வழிகிறவர்கூட எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

பட்டாசு கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான். இவரா என்று புருவத்தால் கேட்டான். நான் சில்லறை தேடுகிற சாக்கில் பைக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

அவன் சட்டைக்காரர் பக்கம் திரும்பினான்.

"சார், நடு ரோட்ல எறக்கிவிட்டா பைக்காரன் இடிச்சிட்டுப் போயிடுவான். அடுத்த ஸ்டாப்ல பிளாட்பாரத்த ஒட்டியே நிறுத்தறேன் சார்."

சார். அதுவும் இரண்டு தடவை. அதுவும் அந்த வாயிலிருந்து.

சட்டைக்காரர் விடவில்லை. அவன் பரம்பரையை இழுத்தார், அவனுக்கு லைசென்ஸ் கொடுத்தவரை இழுத்தார். எல்லாவற்றுக்கும் பட்டாசு சரிங்க சார் என்றான். பஸ்ஸே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அடுத்த நிறுத்தத்தில் சொன்னபடியே ஒட்டி நிறுத்தினான். இறங்கிய மனிதர் குழம்பிப்போய், தன்னையறியாமல் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

கதவு மூடியதுதான் தாமதம், கைதட்டல் கூரையைப் பிளந்தது. அக்கா ஒரு கேரட்டை எடுத்து அவனிடம் நீட்டினார். பட்டாசு திரும்பி என்னிடம் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். சிரித்த சிரிப்பில் அவனுக்குக் கண் கலங்கியிருந்தது.

எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் பயமும் அப்போதுதான் வந்தது. பரீட்சை முடிந்துவிட்டதென்று நினைக்கிறான். இனி அவனுக்கு யாரிடம் என்ன பயம்?

அதற்கடுத்த நிறுத்தம். ஏற்கெனவே நேரம் தப்பியிருந்தது. நின்றவர்கள் எல்லோரும் ஏறிவிட்டார்கள். எதிரே பச்சை விளக்கு, பின்னால் ஹாரன் சத்தம். தூரத்தில், தெருமுனையிலிருந்து ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு கையை ஆட்டிக்கொண்டே ஓடி வந்தாள். தோள்பை நழுவி நழுவி விழுந்தது.

நான் இரண்டு விசில் கொடுத்தேன். ஒன்று என்றால் நில், இரண்டு என்றால் போ.

வண்டி நகரவில்லை.

மறுபடியும் கொடுத்தேன்.

பட்டாசு முழு உடம்பையும் திருப்பினான். "யோவ், அறிவிருக்கா? அந்தம்மா கொழந்தையத் தூக்கிட்டு ஓடி வருது, நீ பாட்டுக்கு விசில் ஊதுற. கண்ண எங்கய்யா வெச்சிருக்க?"

மொத்த பஸ்ஸும் என்னை முறைத்தது. காய்கறிக்கார அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தப் பெண் மூச்சு வாங்க ஏறினாள். அவளை மெதுவாக ஏறச் சொன்னான், உட்கார்ந்ததும் கிளப்புகிறேன் என்றான். குரலில் சார் போட்ட குழைவு எதுவும் இல்லை. விளக்கு சிவப்பாகிவிட்டது. அதைப் பற்றி அவன் கவலைப்படவும் இல்லை.

எனக்கு ஓடிப்போய் அவனைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அடக்கிக்கொண்டு அந்தப் பெண்ணுக்கு டிக்கெட் கிழித்தேன்.

சாயங்காலம் டிப்போவில் மேனேஜர் என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். வாரம் முழுக்கக் கூடவே இருந்து பார்த்தீர்களே, உங்கள் முடிவு என்ன என்று கேட்டார்.

"வாய் மோசம் சார். கண்டக்டரையே திட்டறான்," என்றேன். "நிரந்தரம் பண்ணிடுங்க."