துணையோடு வரவும்

"இவரா உங்க துணை?"

ஆலோசகர் அம்மா கேட்டதும் அவன் தலையாட்டினான்.

"ஆமாங்க. சென்னியப்பன். ஒரே போர்வெல் வண்டியில வேலை. வருசக்கணக்கா ஒண்ணாத்தானுங்க இருக்கறோம்."

அந்த அம்மா முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. எழுந்து போய் 'சுகவாழ்வு மையம்' என்று எழுதியிருந்த கதவை நன்றாகச் சாத்தினார். இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க ரெண்டு பேரும். இங்க யாரும் யாரையும் தப்பா நெனைக்க மாட்டாங்க. ஒளிக்காம சேந்து வந்திருக்கீங்க பாருங்க, அதுவே பெருசு."

சென்னியப்பன் உட்கார்ந்தான்.

யோசித்தான்.

தேள் கொட்டியவன் போல எழுந்தான்.

"மேடம், மேடம். நான் சும்மா துணைக்கு வந்தவனுங்க. ஊசின்னா இவனுக்கு மயக்கம் வரும், கூட வாடான்னு கூட்டியாந்தான். எனக்குப் பொண்டாட்டி, புள்ளைக எல்லாம் இருக்குதுங்க."

அம்மா தண்ணீர் பாட்டிலை எடுத்து நெடுநேரம் குடித்தார். தோள் மட்டும் குலுங்கியது.

கூட்டி வந்தவனுக்கும் அப்போதுதான் விளங்கியது.

போன வாரம் புண்ணைக் காட்ட வந்தபோது, கேட்டதற்கெல்லாம் அவன் தலையை மட்டும்தான் ஆட்டியிருந்தான். கிளம்பும்போது, 'அடுத்த தடவை துணையோட வாங்க' என்றார்கள். ஊசிக்குப் பயந்தவன் என்று கண்டுகொண்டார்கள் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டான். அன்று போட்ட ஊசியும் அப்படிப்பட்டது. இடுப்புக்குக் கீழே, இரண்டு பக்கமும். பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றுகொண்டே வீடு வந்து சேர்ந்தான்.

"கல்யாணம் ஆயிருச்சா?"

"ஆச்சுங்க."

"குழந்தை?"

"இன்னும் இல்லீங்க. அவ கோயில் கோயிலாப் போயிட்டிருக்கறா."

அம்மாவின் சிரிப்பு இப்போது முற்றிலும் அடங்கியிருந்தது.

"நான் துணைன்னு சொன்னது அவங்களத்தான். உங்க புண்ணு ஆறிருச்சு. நீங்க தேறிருவீங்க. ஆனா, இந்நேரம் அவங்களுக்கும் ஒட்டியிருக்கலாம். வெளிய தெரியாம உள்ளயே இருக்கும். நாளைக்குக் குழந்தை உண்டானா அதையும் பாதிக்கும். அவங்களுக்கும் ஊசி போட்டாகணும்."

அவன் தரையைப் பார்த்தான்.

வளர்மதியிடம் சொல்வதா? ராஜஸ்தானுக்கு வண்டி போன இடத்தில் புத்தி பிசகியதை, இங்கே ஊர் ஊராக விளக்கேற்றிக்கொண்டிருந்தவளிடம் சொல்வதா? சொன்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள்.

"சத்து ஊசின்னு சொல்லிக் கூட்டியாரலாமுங்களா?"

"கூட்டிட்டு வாங்க. ஆனா என்ன ஊசின்னு அவங்க என்னக் கேட்டா, நான் பொய் சொல்ல மாட்டேன்."

சென்னியப்பன் மெல்லச் சட்டைக் கையை மடித்தான்.

"வந்ததுதான் வந்துட்டேன். எனக்கும் ஒருக்கா ரத்தத்தப் பாத்துருங்க," என்றான், சுவரிடம்.

அவன் திரும்பிச் சென்னியப்பனைப் பார்த்தான். சென்னியப்பன் சுவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தான்.

*

வளர்மதி அவரைக்காய் அரிந்துகொண்டிருந்தபோது சொன்னான்.

கத்தி நின்றது.

பிறகு ஓடியது. காய் தீர்ந்தது. வெறும் பலகையின் மேலும் கொஞ்ச நேரம் ஓடியது.

"எனக்கு ஒண்ணும் பண்ணலையே."

"உள்ளயே இருக்குமாம்."

அவ்வளவுதான் பேச்சு. அன்று மாலை, முக்காலியில் ஏறிப் பரணிலிருந்து பெட்டியை இறக்கினாள். கட்டிலுக்குப் பக்கத்தில் திறந்து வைத்தாள்.

வேளாவேளைக்குச் சோறு வந்தது. குரல் வரவில்லை. தாண்டிப் போகும்போதெல்லாம் அவன் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான்.

இன்னும் ஒரு சேலைகூட உள்ளே போகவில்லை.

சென்னியப்பனுக்கு ஒன்றுமில்லை என்று முடிவு வந்துவிட்டது. வண்டி ஷெட்டில் இருந்த எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான். என்ன விசேஷம் என்று கேட்டவர்களிடம், முருகன் கண் திறந்தான் என்றான்.

திங்கட்கிழமை காலை அவன் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்தால், வளர்மதி தலைசீவிக் கிளம்பி நிற்கிறாள்.

அவன் துணியை உதறிப் போட்டான். வண்டியைக் கிளப்பினான்.

பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இருவருக்கும் நடுவில் ஓர் அரிசி மூட்டையை வைக்கலாம்.

ஆலோசகர் அம்மா அவளை மட்டும் உள்ளே அழைத்துப் போனார். கதவு வெகுநேரம் சாத்தியே இருந்தது. அப்புறம் ஊசி போடும் அறைக்குப் போனாள்.

திரும்பி வரும்போது அவள் நடை மாறியிருந்தது. அந்த நடை அவனுக்கு நன்றாகத் தெரியும்.

பைக்கில் உட்கார்ந்தாள். எழுந்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள்.

முதல் பள்ளத்தில், கம்பியை விட்டுவிட்டு அவன் தோளைப் பற்றினாள். நகம் பதிந்தது.

"பாத்து ஓட்டத் தெரியாதா?"

"சரி," என்றான். அதற்கு மேல் பேசிக் கெடுத்துக்கொள்ள அவன் தயாராயில்லை.

பள்ளிக்கூடத்துச் சைக்கிள்கள் மணியடித்துக்கொண்டு அவர்களை முந்திப் போயின.

புதிதாகப் போட்ட தார் ரோடு வந்தது. பாய் விரித்த மாதிரி. ஒரு குழி இல்லை.

கை தோளிலேயே இருந்தது.

"அந்தப் பெட்டி," என்றாள் பின்னாலிருந்து.

அவன் வேகத்தைக் குறைத்தான்.

"நீங்கதான் மேல ஏத்தி வெக்கோணும். என்னால இன்னைக்கு முக்காலி ஏற முடியாது."