ஏழாவது ஆள்

"சிஸ்டர், நாங்களும் பேஷண்டுங்கதான். கண்ணுக்குத் தெரியலையா?"

ரவிகுமாரின் குரல் அவசர சிகிச்சைப் பிரிவு முழுக்கக் கேட்டது. நர்ஸுக்கு மட்டும் கேட்கவில்லை போலிருந்தது. திரும்பிப் பார்க்காமல் திரைக்குப் பின்னால் போய்விட்டாள்.

காலை ரயிலைப் பிடிக்க ஊரிகம் ஸ்டேஷனில் ஓடியதில் அவனுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. பெங்களூர் ஆபீஸில் இருக்க வேண்டியவன் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கால் வலியைவிடக் காத்திருப்பதுதான் அவனுக்குப் பெரிய வலியாக இருந்தது.

பக்கத்தில் ஒரு பெரியவர். கூரைத் தகரத்தை மாற்றும்போது வலது உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு வந்திருந்தார். சுற்றியிருந்த துண்டு சிவந்துபோயிருந்தது.

"மணி இன்னா தம்பி?"

"ஒம்போது நாப்பது, அங்கிள்."

"நான் வந்தது எட்டே முக்காலுக்கு. எனுக்கு அப்பறம் வந்தவங்க எத்தினி பேரு உள்ள போனாங்க?"

"அஞ்சு. பைக்ல வுழுந்தவரு, மூச்சு வாங்கின கொழந்த, அப்பறம் அந்த மாசமா இருந்த பொண்ணு... நானே எண்ணிகினுதான் இருக்கேன்."

"அஞ்சு," என்று பெரியவர் இடது கை விரல்களை மடக்கினார்.

ரவிகுமாருக்கு உற்சாகம் வந்துவிட்டது. கோபத்துக்குத் துணை கிடைத்தால் யாருக்குத்தான் வராது?

"காண்ட்ராக்ட் நர்ஸாம், அங்கிள். ஏற்கனவே ரெண்டு கம்ப்ளெயிண்ட் போயிருக்காம். தெரிஞ்சவங்க, சொந்தக்காரங்கள மொதல்ல பாத்து அனுப்பிடறாங்கன்னு. மூணாவது போச்சுன்னா வேல காலி. வெளியில டீக் கடையில பேசிக்கினாங்க."

பெரியவர் அவன் பக்கம் திரும்பினார்.

"ஓ, அப்படி வேற பேசறாங்களா," என்றார்.

அப்போது நர்ஸ் வெளியே வந்தாள். நேராக அவர்கள் பக்கம்தான் வந்தாள். ரவிகுமார் வீங்கிய காலை முன்னே நீட்டினான். அவள் அதைத் தாண்டிப் போய், பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாளின் முன்னால் குனிந்தாள். பார்வதம்மா என்ற அந்த அம்மாள் வந்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஒரு சத்தமும் இல்லாமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா வலிக்குது?"

"வலியெல்லாம் ஒண்ணுமில்லம்மா. தாடைதான் இழுக்கறாப்ல கீது. வேர்த்துக் கொட்டுது."

நர்ஸ் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தாள். அடுத்த நொடி வீல்சேர் வந்துவிட்டது.

"வேர்க்கறதுக்கெல்லாம் எமர்ஜென்சியா?" ரவிகுமாருக்குப் பொறுக்கவில்லை. "சிஸ்டர், இங்க அங்கிளுக்கு ரத்தம் போயிகினு இருக்குது, பாருங்க."

நர்ஸ் நின்றாள். சிவந்த துண்டை ஒரு நிமிஷம் பார்த்தாள். கிட்டே வரவில்லை.

"நல்லா அழுத்திப் புடிச்சிக்குங்க. கைய ஒசத்தி வையுங்க. கூப்பிடறேன்."

பெரியவர் சொன்னபடியே கையை உயர்த்திக்கொண்டார். வீல்சேர் உள்ளே போனது.

"கல்லு மனசு, அங்கிள். வயசானவர்ங்கிற மரியாதகூட இல்ல. கம்ப்ளெயிண்ட் புக்ல எழுதியே ஆகணும்."

"எழுதணும்தான். கன்னடத்துல எழுதினாதான் மேல இருக்கறவங்க படிப்பாங்க. எனுக்குப் பேச வரும், எழுத வராது. நீ எழுதறியா? நான் சொல்றேன்."

ரவிகுமார் ஒற்றைக் காலில் தத்திப் போய் நோட்டை வாங்கி வந்தான். அந்த நேரத்துக்கு அவனுக்குக் கால் வலிக்கவே இல்லை.

"நான் சொரங்கத்துல ரெஸ்க்யூ டீம்ல இருந்தவன். இன்னிக்குக் காலம்பற எட்டே முக்காலுக்குக் கையில ரத்தத்தோட வந்தேன்."

ரவிகுமார் கன்னடத்தில் எழுதினான்.

"ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. சிஸ்டர் என்னத் தொடல. எனுக்கு அப்பறம் வந்த ஆறு பேர பாத்தாங்க."

"சூப்பர், அங்கிள்." ஆறு என்பதற்கு அடிக்கோடும் போட்டான்.

உள்ளே கதவு திறந்தது. பார்வதம்மா ஸ்ட்ரெச்சரில் வந்தாள். மருந்து பாட்டிலைத் தூக்கிப் பிடித்தபடி நர்ஸ் கூடவே ஓடினாள். பின்னாலேயே டாக்டர்.

"ஹார்ட் அட்டாக்," என்றார் டாக்டர் ஆம்புலன்ஸ் டிரைவரிடம். "நல்ல வேள, நேரத்துல புடிச்சிட்டோம். ஊசி போட்டாச்சு. நேரா கோலார் ஆஸ்பத்திரி. அங்க சொல்லிட்டேன்."

ரவிகுமாரின் பேனா நின்றுவிட்டது.

"இன்னா தம்பி நிறுத்திட்ட? இன்னும் முடியல, எழுது. சொரங்கத்துல பாறை சரிஞ்சா நாங்க கத்தறவன்கிட்ட மொதல்ல போக மாட்டோம். கத்தறான்னா மூச்சு இருக்குது. சத்தம் போடாம கெடக்கறான் பாரு, அவனத்தான் மொதல்ல கேஜ் லிஃப்ட்ல ஏத்தி மேல அனுப்புவோம். கத்தறவன் கூடப் பொறந்தவனா இருந்தாலும் காத்துகினுதான் இருக்கணும். இந்த சிஸ்டரும் அதத்தான் செஞ்சாங்க. என்னை ஏழாவது ஆளா வெச்சது ரொம்ப சரி."

"அங்கிள், இது கம்ப்ளெயிண்ட் இல்லையே."

"மூணாவது ஒண்ணு போவணும்னு நீதான சொன்ன? இதுதான் அது."

போட்ட அடிக்கோட்டை என்ன செய்வது என்று ரவிகுமாருக்குத் தெரியவில்லை. நீட்டியிருந்த காலை மெதுவாக பெஞ்சுக்கடியில் இழுத்துக்கொண்டான். சொன்னதையெல்லாம் ஒரு வார்த்தை விடாமல் எழுதி முடித்தான்.

"கீழ உங்க பேரு போடணும், அங்கிள்."

"ஏசுபாதம்."

"அந்த சிஸ்டர் பேரும் போடணும். தெரியுமா?"

பெரியவர் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். உயர்த்திய கையை இன்னும் இறக்கவில்லை.

"நல்லாத் தெரியும். முழுப் பேரா எழுது தம்பி. நிக்கோல் ஏசுபாதம்."