காதில் சொன்னது

“சிரிக்காதீங்க சார். நீங்க சிரிச்சா போட்டோவுக்கு நிக்கறீங்கன்னு தெரிஞ்சுடுது” என்றாள் சிந்துஜா.

இளவரசன் அவசரமாக வாயை மூடிக்கொண்டான். லாட்ஜ் ரிசப்ஷனில் பதினோரு வருஷம் நின்றவன். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சிரித்துப் பழகிய முகம், இன்றைக்குப் பார்த்து வேறு எதற்கும் மசியமாட்டேன் என்று அடம்பிடித்தது.

மகளுக்குப் புது கவுன், கையில் சிவப்பு பலூன், பக்கத்தில் அப்பா. கிரிவலப் பாதையில் நடந்துபோன ஓர் அம்மாள் நின்று, “பாப்பாவுக்குப் பொறந்த நாளா?” என்று கேட்டாள். “ஆமாங்க” என்று சொல்லிவைத்தான் இளவரசன்.

பிறந்த நாளும் இல்லை, ஒன்றும் இல்லை. நாளைக்குக் கோர்ட்டில் தேதி. ஆறு வயது தென்றல் இனி அப்பாவிடம் வளர்வாளா, அம்மாவிடம் வளர்வாளா என்று நாளைக்குத் தெரிந்துவிடும்.

“குழந்தை அப்பாவிடம் ஒட்டுவதே இல்லை” என்று மனைவி தரப்பில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதற்கு இவனுடைய வக்கீல் சொன்ன வழிதான் இது. “நீங்களும் பாப்பாவும் சந்தோஷமா இருக்கற மாதிரி நாலு படம் கொண்டாங்க. ஸ்டுடியோ படம் வேணாம். பாக்கறவங்களுக்கு யாரோ எதேச்சையா எடுத்த மாதிரி இருக்கணும்.”

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணியிலிருந்து ஆறு மணி வரைதான் மகள் அவனுக்கு. இப்போதே ஐந்தேகால் ஆகிவிட்டது.

அடி அண்ணாமலையில் ஒரு வேர்க்கடலைக் கொல்லையின் ஓரம், பின்னால் மலை, சாயும் வெயில். இடமெல்லாம் சரியாகத்தான் அமைந்திருந்தது. அப்பாவும் மகளும்தான் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற இரண்டு பேர் மாதிரி நின்றார்கள்.

படம் எடுக்க அமர்த்தியிருந்த சிந்துஜாவும் ஜாஸ்தி பேசவில்லை. வண்டியை விட்டு இறங்கித் தென்றலைப் பார்த்தவள், லென்ஸைத் துடைக்கிறேன் என்று வெகுநேரம் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“தூக்கிச் சுத்துங்க சார்.”

தூக்கினான். தென்றல் அவன் சட்டைப் பையைப் பிடித்துக்கொண்டு விறைத்துப்போனாள். அவள் கண் அப்பா முகத்தில் இல்லை, சிந்துஜா முகத்திலேயே இருந்தது.

“சரி, எறக்கி வுட்டுடுங்க. பலூனைத் தட்டி வெளையாடுங்க.”

தட்டினான். பலூன் வேலி முள்ளில் பட்டு வெடித்தது. தென்றல் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றாள்.

“ஸ்கூல்ல அவ ஃப்ரெண்டு யாருன்னு கேளுங்க. கேட்டுக்கினே நடங்க.”

“உன் ஃப்ரெண்டு பேரு என்னம்மா?”

“நூரைன். போன வாரமே சொன்னேனேப்பா.”

இளவரசனுக்குச் சுருக்கென்றது. ஒரே வீட்டில் இருந்த காலத்தில், பௌர்ணமிக்குப் பௌர்ணமி லாட்ஜ் நிரம்பி வழியும். மற்ற நாளிலும் அவன் வீடு திரும்பும்போது மகள் தூங்கியிருப்பாள், அவன் எழுந்திருக்கும்போது பள்ளிக்கூடம் போயிருப்பாள். மனைவி எழுதிக் கொடுத்ததில் பொய் எவ்வளவு, நிஜம் எவ்வளவு என்று அவனுக்கே இப்போது தெரியவில்லை.

“மேடம், எப்படியாச்சும் பண்ணுங்க” என்றான். “ஒரே ஒரு படம் போதுங்க. எம் பொண்ணு எங்கிட்ட ஒட்டறான்னு தெரிஞ்சா போதும். இத வுட்டா எனக்கு வேற வழியே இல்லீங்க.”

பெற்ற மகள் தன்னிடம் ஒட்டுவதற்கு வெளியாள் ஒருத்தியைக் கெஞ்ச வேண்டியிருக்கிறதே என்று அவமானமாக இருந்தது. ஆனாலும் கெஞ்சினான்.

சிந்துஜா கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தால் அவன் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

“மண்டி போட்டு உக்காருங்க சார். பாப்பா உங்க காதுல ஒரு ரகசியம் சொல்லுவா. அதக் கேளுங்க. நான் இங்க இருக்கறதயே மறந்துடுங்க.”

தென்றலைப் பார்த்துத் தலையை மட்டும் லேசாக ஆட்டினாள்.

தென்றல் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். மலை பின்னால் தெரிய, வெயில் முகத்தில் விழத் தானாகவே நகர்ந்து நின்றாள். முகத்தில் விழுந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டாள். நம் பொண்ணு எவ்வளவு சூட்டிகை என்று அந்த நிலைமையிலும் இளவரசனுக்குப் பெருமையாக இருந்தது.

அவள் இரண்டு கைகளாலும் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். காதில் வாயை வைத்தாள்.

“நான் எப்பவும் உங்கூடவேதான் இருப்பேன்.”

அவ்வளவுதான். கோர்ட், வக்கீல், ஆறு மணி எல்லாம் இளவரசனுக்கு மறந்துபோயிற்று. மகளை இறுக்கி அணைத்துக்கொண்டு, பேன்ட்டெல்லாம் செம்மண்ணாக, கூச்சமில்லாமல் அழுதான். நாளைக்கு என்ன தீர்ப்பு வந்தாலும் சரி, இந்த ஒரு வார்த்தையை யாரும் தன்னிடமிருந்து எடுத்துக்கொள்ள முடியாது என்று நினைத்தான்.

கேமரா விடாமல் சொடுக்கிக்கொண்டே இருந்தது.

“வந்துச்சா மேடம்?” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டான்.

“வந்துடுச்சு சார்” என்றாள் சிந்துஜா, கீழே பார்த்தபடி.

தென்றல் அவன் கையை விலக்கிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள். சிந்துஜாவிடம் ஓடிப்போய், எக்கி நின்று கேமராவுக்குப் பின்னால் இருந்த திரையைப் பார்த்தாள்.

“அக்கா, அன்னிக்கு அம்மா காதுல சொன்னதயே அப்பாவுக்கும் சொல்லிட்டேன், இதுவும் நல்லா வந்திருக்குதா?”